தோல்வழி வலிமருந்து: தோட்டத்துத் தைலம் முதல் இன்றைய ஒட்டுமருந்து வரை



மொழி மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் மருந்தாளுநன் ஒருவனுக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். இதே மேடையில் முன்னர்ப் பேசியோர் இலக்கணமும் இலக்கியமும் பேசினர். நானோ களிம்பும் தைலமும் பேச வந்திருக்கிறேன். ஆயினும், என் தொழிலில் நான் செய்த முதற்பிழை மருந்தைப் பற்றிய பிழையன்று. ஒரு சொல்லைப் பற்றிய பிழை. நான் மருந்தாளுநன் ஆவதற்கு முன்பே அது நேர்ந்துவிட்டது. அதனை இந்தப் பேச்சின் இறுதியில் சொல்வேன். அதுவரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

பால்மரமும் உடம்பும்

நான் பிறந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்து இரப்பர்த் தோட்டமொன்றில். அங்கிருந்து கோலகங்சார் நெடுந்தொலைவு அன்று. மலாயாவின் முதல் இரப்பர் மரங்களுள் சில 1877ஆம் ஆண்டளவில் அந்நகரில்தான் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. மரத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பலர். மரத்தைச் சீவிய உடம்பின் வரலாற்றை எழுதியவர்கள் சிலரே.

பால்வெட்டுத் தொழிலை அறியாத இளைய தலைமுறைக்காகச் சிறிது விளக்குகிறேன். வெயில் ஏறுவதற்கு முன் மரத்தின் பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு வடியும். ஆகவேதான் இருட்டிலேயே பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400, 500 மரங்கள். வெட்டு மேலே இருந்தால் கையைத் தலைக்கு மேல் உயர்த்திச் சீவ வேண்டும். அதே வெட்டு ஆண்டுகள் செல்லச் செல்லக் கீழே இறங்கும். அப்போது முதுகை வளைத்துச் சீவ வேண்டும். பிறகு மங்குகளில் நிறைந்த பாலை வாளிகளில் சேர்த்து, காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து, மேடும் பள்ளமும் கடந்து நடக்க வேண்டும். மணிக்கட்டு, தோள்பட்டை, இடுப்பு, முழங்கால் ஆகிய நான்கும் இத்தொழிலுக்கு நாள்தோறும் வரி கட்டின.

இன்று அந்தத் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மரங்கள் சாய்ந்தன, லயங்கள் இடிந்தன. ஆனால் அந்த முழங்கால்கள் இன்னும் இருக்கின்றன. ஈப்போவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், செமோரிலும் பத்து காஜாவிலும் உள்ள சிறு வீடுகளிலும், மாலை வேளையில் நாற்காலியில் அமர்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் நம் பாட்டிமாரும் தாத்தாமாரும் அந்த வரலாற்றின் மிச்சங்கள்.

பழைய மருந்துகள்

வலிக்கு வெளிப்புறமாக மருந்திடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என்று வகுத்திருக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம், தொக்கணம், களிம்பு, பசை என்று நீளும் அந்தப் புறமருந்துப் பட்டியலைத் தமிழாசிரியர்கள் ஒருமுறை ஊன்றிப் பார்க்க வேண்டும். மருந்து எந்த வடிவில் தோலைச் சேர்கிறது என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறது. நொச்சி இலையைச் சூடாக்கித் துணியில் முடிந்து ஒற்றுவது ஒன்று. சுக்கை அரைத்துப் பற்றிடுவது வேறொன்று. எண்ணெயிட்டுக் கையால் பிடித்துவிடும் தொக்கணம் பிறிதொன்று. வடிவம் மாறினால் பயனும் மாறும் என்பதை அறிந்தவர்களே இப்படிச் சொற்களைப் பிரித்திருக்க முடியும். இன்றைய மருந்தியல் பெருமுயற்சியுடன் ஆராய்ந்துகொண்டிருப்பதும் இதனைத்தான்.

இதே மாநிலத்தில் பிறரும் தம் மருந்துகளோடு வந்தார்கள். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களுக்காக 1879ஆம் ஆண்டு கோப்பேங்கில் தொடங்கப்பட்ட ஒரு மருந்துக் கடையே பின்னாளில் யூ யான் சாங் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. ரங்கூனில் பிறந்த புலிச் சின்னத் தைலம், அதனைப் புகழ்பெறச் செய்த ஆவ் பூன் ஹாவ் 1926ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த பிறகு மலாயா முழுதும் பரவியது. கோடாலித் தைலம் 1928ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தோன்றியது. தாயகத்திலோ, காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893ஆம் ஆண்டு பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம் பின்னர்ச் சென்னைக்கு இடம்பெயர்ந்து வீடுதோறும் நுழைந்தது. துறைமுகக் கூலிகளும் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் வாழ்ந்த நிலப்பரப்பில் இத்தகைய தைலங்கள் இவ்வளவு வேகமாகப் பரவியதில் வியப்பில்லை. மருத்துவரிடம் செல்ல ஒருநாள் கூலி போகும். தைலக் குப்பிக்குச் சில காசுகளே.

தோல் என்னும் சுவர்

இந்தத் தைலங்கள் உண்மையில் என்ன செய்கின்றன? இவ்வினாவுக்கு விடை காண, முதலில் தோலை அறிய வேண்டும்.

தோலின் வேலை, வெளியில் உள்ளதை உள்ளே விடாமல் காப்பது. இவ்வேலையைச் செய்வது அதன் ஆக மேலடுக்கான கொம்புப்படலம். உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக மற்ற இடங்களில் அதன் தடிப்பு 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். ஒரு தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அறிவியலார் இதனைச் செங்கற்சுவருக்கு ஒப்பிடுவர். தட்டையான இறந்த உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றின் இடையே நிறைந்த கொழுப்பு சாந்து. மருந்து உள்ளே செல்ல வேண்டுமானால் பெரும்பாலும் அந்தச் சாந்தின் வழியே வளைந்து வளைந்துதான் நுழைய வேண்டும்.

ஆகவே இரண்டு கட்டுப்பாடுகள் எழுகின்றன. முதலாவது, மருந்தின் மூலக்கூறு சிறிதாக இருக்க வேண்டும். மூலக்கூற்று எடை 500 டால்டனைத் தாண்டினால் நலமான தோலைக் கடப்பது அரிது என்பது 2000ஆம் ஆண்டு முன்வைக்கப்பட்ட பொதுவிதி. மெந்தால் 156, தைலங்களின் மணத்துக்குக் காரணமான மெத்தில் சாலிசிலேட் 152, டைக்ளோபெனாக் 296, மிளகாயின் காரப்பொருளாகிய காப்சைசின் 305. இவை யாவும் வாயிலைக் கடக்கக்கூடிய அளவின. இன்சுலினோ ஏறத்தாழ 5,800. அதனால்தான் அதனைக் களிம்பாகப் பூச முடியவில்லை. இரண்டாவது, மருந்து கொழுப்பிலும் கரைய வேண்டும், நீரிலும் ஓரளவு கரைய வேண்டும். கொழுப்பில் மட்டும் கரைவது சாந்துக்குள்ளேயே தங்கிவிடும். நீரில் மட்டும் கரைவது சாந்துக்குள் நுழையவே செய்யாது.

சுவரைக் கடந்த பின்னும் தொல்லை தீராது. அடித்தோலில் ஓடும் குருதிக் குழாய்கள் மருந்தில் ஒரு பகுதியை அள்ளிச் சென்றுவிடும். எஞ்சியதே தசைக்கும் மூட்டுக்கும் சென்று சேரும். கைவிரல், முழங்கால் போன்று தோலுக்கு அருகில் உள்ள மூட்டுகளுக்குப் பூசுமருந்து உதவுவதும், ஆழத்தில் புதைந்துள்ள இடுப்பு மூட்டுக்கு உதவாமற்போவதும் இதனாலேயே.

தைலம் குளிர்வதும் எரிவதும் எப்படி?

தைலம் பூசியதும் குளிர்கிறது. மிளகாய்ச் சாறு பட்டால் எரிகிறது. தோலின் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. பின் ஏன் இவ்வுணர்வு? 1997ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் டேவிட் ஜூலியசின் குழுவினர், நரம்பு முனைகளில் உள்ள ஓர் ஏற்பியைக் கண்டறிந்தனர். சுடும் வெப்பத்தாலும் காப்சைசினாலும் தூண்டப்படுவது அந்த ஒரே ஏற்பி. ஆகவே மிளகாய் சுடுகிறது என்று நரம்பு சொல்வது வெறும் உவமையன்று. நரம்புக்கு அவ்விரண்டும் ஒன்றே. 2002ஆம் ஆண்டு குளிரையும் மெந்தாலையும் ஒன்றாக உணரும் ஏற்பியும் கண்டறியப்பட்டது. இத்துறையில் செய்த பணிக்காக ஜூலியசும் ஆர்டம் பட்டபூட்டியனும் 2021ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அதற்கும் முன்பே, 1965ஆம் ஆண்டு மெல்சாக், வால் என்னும் இருவர், வலியின் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்தே மூளைக்குச் செல்கிறது என்று ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். தொடுதல், தேய்த்தல் ஆகியவற்றின் செய்தி அதே வாயிலை அடையும்போது வலியின் செய்தி மங்குகிறது. அக்கோட்பாட்டின் நுட்பங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்து நிலைத்தது. முழங்கால் இடித்துக்கொண்ட குழந்தை அந்த இடத்தைத் தேய்த்துக்கொள்வதற்கும், பேத்தி தைலம் தேய்த்துவிட்டதும் பாட்டிக்குப் பாதி நோவு குறைவதற்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது.

மருந்தின் பங்கு எவ்வளவு, கையின் பங்கு எவ்வளவு?

இங்கே ஒரு நேர்மையான கணக்கைச் சொல்ல வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, பூசுமருந்துகளைப் பற்றிப் பல தொகுப்புகளை வெளியிட்டுள்ளது. சுளுக்கு, தசைப்பிடிப்பு போன்ற புதிய வலிக்கு ஒருவகை டைக்ளோபெனாக் குழைமக் களிம்பைப் பூசியவர்களுள் 10 பேரில் ஏறத்தாழ 8 பேருக்கு ஒரு வாரத்தில் நோவு பாதியாவது குறைந்தது. மருந்தில்லாத அதே களிம்பைப் பூசியவர்களுள் 10 பேரில் 2 பேருக்கே அவ்வாறு குறைந்தது. இது 2015ஆம் ஆண்டுத் தொகுப்பு. மூட்டுத் தேய்மானம் போன்ற நாட்பட்ட வலியை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டுத் தொகுப்பிலோ மருந்து பூசியவர்களில் 10க்கு 6, வெறுங்களிம்பு பூசியவர்களில் 10க்கு 5. வேறுபாடு உண்டு, ஆனால் சிறியது.

இதனைக் கேட்டு, மருந்து வீண் என்று முடிவு கட்டலாகாது. வெறுங்களிம்பு பூசிய பாதிப்பேருக்கும் நோவு தணிந்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். தேய்த்த கை, வேளை தவறாத கவனிப்பு, நலமாகும் என்னும் நம்பிக்கை, தானே கூடிக் குறையும் நோயின் இயல்பு ஆகிய யாவும் அந்த ஐவரில் அடங்கியுள்ளன. நல்ல மருந்து இவற்றின்மேல் இன்னும் ஒருவரைச் சேர்க்கிறது. சேர்ப்பதோடு, விழுங்கும் மாத்திரையைவிடக் குறைந்த கேட்டுடன் சேர்க்கிறது. பூசும் டைக்ளோபெனாக்கில் ஏறத்தாழ 6 விழுக்காடு மட்டுமே குருதியில் கலக்கிறது. இரைப்பைப் புண்ணுக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் ஆளாகக்கூடிய முதியவர்களுக்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது. 2023ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. நீரிழிவால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தின்மேல் வலி மாத்திரைகளை நாள்தோறும் சுமத்துவது எத்தகைய தீங்கு என்பதைச் குருதிச் சுத்திகரிப்பு நிலையங்களில் அமர்ந்திருப்போர் அறிவர்.

மருந்தை மேம்படுத்தும் வழிகள்

அந்த ஆறை ஏழாக்குவது எப்படி என்பதே இன்றைய ஆய்வாளரின் கவலை. அவர்கள் செல்லும் வழிகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

ஒன்று, மருந்தைச் சுமக்கும் ஊர்தியை மாற்றுவது. ஒரே மருந்து மெழுகுக் களிம்பில் ஒருவிதமாகவும் ஆல்ககால் கலந்த குழைமத்தில் வேறுவிதமாகவும் தோலுக்குள் செல்லும். ஆல்ககால் ஆவியாகும்போது எஞ்சிய மருந்து செறிவடைகிறது. செறிவு மிகும்போது உள்நோக்கி நகரும் விசையும் மிகுகிறது.

இரண்டு, சாந்தைச் சிறிது நேரம் தளர்த்துவது. புரொப்பிலீன் கிளைக்கால், டைமெத்தில் சல்பாக்சைடு போன்ற துணைப்பொருள்கள் கொழுப்படுக்கின் ஒழுங்கைக் குலைத்து வழிவிடுகின்றன. நம் தைலங்களில் உள்ள மெந்தாலும் இவ்வாறு வழிதிறக்கும் பொருள்களுள் ஒன்று. அது தான் நுழைவதோடு பிறவற்றையும் அழைத்துச் செல்கிறது.

மூன்று, மூடி வைப்பது. ஒட்டுமருந்து தோலை மூடியிருப்பதால் ஈரம் தங்கி, சுவர் நெகிழ்கிறது. மருந்தும் பல மணிநேரம் ஒரே சீராக இறங்குகிறது. பயணக் குமட்டலைத் தடுக்கும் ஒட்டுமருந்துக்கு 1979ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. குருதிக்குள் மருந்தைச் செலுத்தும் தோல்வழி ஒட்டுகளில் அதுவே முதலாவது. அக்கி ஆறிய பிறகும் நீங்காத நரம்பு வலிக்கு 5 விழுக்காடு லிடோகேய்ன் ஒட்டு வந்தது. 8 விழுக்காடு காப்சைசின் ஒட்டு 2009இல் வந்தது. அதனை மருத்துவப் பணியாளர் கையுறையணிந்து ஒரு மணிநேரம் ஒட்டி எடுப்பர். நரம்பு முனைகள் அடங்கிவிடுவதால் சிலருக்குப் பயன் மூன்று மாதம் வரை நீடிக்கிறது.

நான்கு, சுவரில் மிக நுண்ணிய துளைகளை இடுவது. நரம்பு முனைகளை எட்டாத அளவு குட்டையான நுண்ணூசிகளால் தோலைக் கடக்கும் முறை 1998ஆம் ஆண்டிலிருந்து ஆராயப்பட்டு வருகிறது. மருந்தை நுண்கொழுப்புக் குமிழ்களில் பொதிந்து அனுப்பும் முயற்சிகளும் நடைபெறுகின்றன.

இங்கே மொழி மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம். பூசிய இடத்திலேயே வேலை செய்யும் மருந்து ஒன்று. தோலை வாயிலாகக் கொண்டு குருதிக்குள் சென்று உடல் முழுதும் வேலை செய்யும் மருந்து மற்றொன்று. முன்னதைப் பூசுமருந்து என்றும் பின்னதைத் தோல்வழி மருந்து என்றும் பிரித்து வழங்கினால் குழப்பம் நீங்கும். புற்றுநோய் வலிக்குத் தரப்படும் பென்டனில் ஒட்டு பின்னதைச் சேர்ந்தது. கடும் ஆற்றல் வாய்ந்த அம்மருந்தைச் சாதாரணத் தைல ஒட்டு என்று எண்ணிப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தால் உயிர் போகும். அதன்மேல் வெந்நீர்ப் பை வைத்தாலும் ஆபத்து. பெயர்வேறுபாடு உயிர்வேறுபாடாகும் இடம் இது.

பயன்படுத்தும் முறை

ஆய்வகத்தில் மருந்து மேம்படும்வரை காத்திராமல், வீட்டிலேயே அதன் பயனைக் கூட்டலாம். டைக்ளோபெனாக் குழைமத்தைப் பட்டாணி அளவு எடுத்து, வலிக்கும்போது மட்டும் தடவிவிட்டு, பயனில்லை என்பவர்களை நான் நாள்தோறும் காண்கிறேன். ஒரு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம் வரை தேவைப்படும். உறையில் குறித்தபடி ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை சில நாள்கள் தொடர்ந்து பூச வேண்டும். பெரியவரின் ஆள்காட்டி விரலின் நுனிக்கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம். கணக்கு உங்களுக்கே விளங்கும்.

தீங்கு வாராமல் காக்கவும் சிலவற்றை நினைவிற்கொள்ள வேண்டும். சூடேற்றும் தைலத்தைப் பூசி அதன்மேல் வெந்நீர் ஒற்றடம் இடவோ, இறுகக் கட்டவோ கூடாது. தோல் வெந்து கொப்புளித்த நிகழ்வுகளைக் கருதி அமெரிக்க அரசு 2012ஆம் ஆண்டு எச்சரிக்கை விடுத்தது. கீட்டோபுரோபென் பூசிய தோலில் வெயில் படலாகாது. மருந்தை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் மறைத்தே வைக்க வேண்டும். வார்பரின் உட்கொள்வோர் மெத்தில் சாலிசிலேட் தைலத்தை மிகுதியாகத் தேய்த்தால் குருதிக்கசிவு நேரலாம்.

இவற்றுள் தலையாயது குழந்தைகளைப் பற்றியது. கலப்பில்லாத மெத்தில் சாலிசிலேட் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில், 20க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு ஈடான நஞ்சு உண்டு. கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்குச் சிறிது நேரத்திலேயே வலிப்பு வரலாம். தைலக் குப்பியும் சாமி மேடைக் கற்பூரமும் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். பிறக்கும்போதே ஜி6பிடி குறைபாடு உள்ளதென்று மருத்துவமனையில் சொல்லப்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேளாமல் எந்தத் தைலமும் தடவலாகாது.

சந்தையில் வாங்கும் மருந்தின் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் இறுதியில் டி என்னும் எழுத்து இருந்தால் பாரம்பரிய மருந்து. எக்ஸ் என்றால் மருத்துவர் சீட்டின்றி விற்கத்தக்கது. ஏ என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. இதனைப் பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் தம் தாத்தாவுக்குப் படித்துக் காட்ட முடியும்.

விட்டுப்போன சொல்

தொடக்கத்தில் ஒரு பிழையைப் பற்றிச் சொன்னேன். இடைநிலைப்பள்ளி மாணவனாக இருந்தபோது, மரம் வெட்டிக்கொண்டிருந்த என் தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அம்மாவுக்கு மலாய் சரளமாக வராது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்ப்பாளன். அம்மா சொன்னார்: "பாதம் மதமதன்னு இருக்குய்யா. ராத்திரியில எரியுது. செருப்பு நழுவினாலும் தெரியல." நான் மலாயில் சொன்னேன்: "கால் வலிக்கிறதாம்."

அவ்வளவே. மூன்று செய்திகளை ஒரு சொல்லாக்கினேன். கால்வலிக்குரிய மாத்திரை கிடைத்தது. வீட்டில் அம்மா வழக்கம்போல் சூடேற்றும் தைலத்தைத் தேய்த்து, அதன்மேல் சுடுமணல் ஒற்றடம் இட்டார். சுட்டது அவருக்குத் தெரியவில்லை. கொப்புளம் புண்ணாயிற்று; புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. அதன் பிறகே நீரிழிவு என்பது தெரியவந்தது. இரண்டு கால்விரல்களை இழந்தார். அம்மாவிடம் சரியான சொற்கள் இருந்தன. அவற்றைக் கொண்டு செல்ல வேண்டியவன் வழியிலேயே கொட்டிவிட்டேன்.

மெல்சாக் 1975ஆம் ஆண்டு வலியை அளக்க ஒரு வினாப்படிவம் வகுத்தார். வலியைக் குறிக்கும் 78 சொற்கள் அதில் 20 தொகுதிகளாக உள்ளன. நோயாளி தேர்ந்தெடுக்கும் சொல்லே நோயின் வகைக்குத் துப்புத் தருகிறது. அத்தகைய பட்டியல் நம் பாட்டிமாரின் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது. சுளுக்கு, பிடிப்பு, இழுப்பு என்றால் பெரும்பாலும் தசை. பூசுமருந்து நன்கு உதவும். காலையில் விறைப்பு, குளிரில் குடைச்சல் என்றால் மூட்டை நினைக்க வேண்டும். எரிச்சல், ஊசி குத்தல், மதமதப்பு, மரத்துப்போதல் என்றால் நரம்பு. அங்கே டைக்ளோபெனாக் தடவிப் பயனில்லை, சூடேற்றும் தைலம் கேடு, உடனே குருதியில் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். விண்விண் என்று தெறித்து, வீங்கிச் சுடுகிறதென்றால் சீழ் கோத்திருக்கலாம், தேய்க்கவே கூடாது. இச்சொற்கள் முடிந்த தீர்ப்பல்ல. மருத்துவர் எங்கே பார்க்க வேண்டும் என்று சுட்டும் விரல்கள்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியை அளிக்க வேண்டுகிறேன். ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் அமர்ந்து, உடம்பின் நோவுகளுக்கு அவர் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதட்டும். அந்த நோவு எங்கே, எப்போது, எவ்வாறு வருகிறது என்பதையும் சேர்த்து எழுதட்டும். பிறகு ஒவ்வொன்றையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு முழு வாக்கியமாகச் சொல்லிப் பழகட்டும். ஒற்றைச் சொல்லாகச் சுருக்க வேண்டா. தமிழ்ப்பள்ளிகள் மிகுந்த மாநிலம் நம் பேராக். ஒரு பள்ளிக்கு ஓர் ஏடு தொகுத்தாலும் மருத்துவமனைகளுக்கே பயன்படும் சொற்களஞ்சியம் உருவாகும். தோட்டங்கள் மறைந்ததோடு அவ்வாழ்வின் சொற்களும் மறைந்துகொண்டிருக்கின்றன. கேட்டு எழுதுவதற்கு உரிய ஆண்டுகள் பல இல்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் நாளை மருந்தியல் கற்று, தோற்சுவரைக் கடக்கும் புதிய வழிகளைக் காணக்கூடும். அது நிகழட்டும். ஆனால் இன்றே செய்யத்தக்க ஒன்றும் உண்டு. இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், தைலக் குப்பியை எடுத்து உறையில் எழுதியிருப்பதைப் பாட்டிக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். தேய்ப்பதற்கு முன், பாதத்தைத் தொட்டு, "தொடுறது தெரியுதா பாட்டி?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்று அவர் சொன்னால், தைலத்தை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவர் சொல்வதை ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கள்.